575 வாட் கார்டுக்கு எந்தப் பவர் கேபிள்?

கேள்வி இதுதான்: 575 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு வாங்கியாகிவிட்டது. கையில் இருப்பது நல்ல நிறுவனத்தின் 1000 வாட் மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை. ஆனால் அது முந்தைய தலைமுறை. 8 பின் சாக்கெட்டுகள் மட்டும்தான், 16 பின் சாக்கெட் கிடையாது. கார்டுடன் வந்த நான்கு தலை அடாப்டரைப் போடலாமா? பவர் சப்ளை நிறுவனம் தனியாக விற்கும் 16 பின் கேபிளை வாங்கலாமா? வண்ண உறை போட்ட கஸ்டம் கேபிளா? இல்லை, பவர் சப்ளையையே மாற்ற வேண்டுமா?

உங்கள் பவர் சப்ளை மாடலுக்கென்றே அதே நிறுவனம் 16 பின் கேபிள் விற்றால் அதை வாங்குங்கள். விற்கவில்லை என்றால் கார்டுடன் வந்த அடாப்டரே போதும், பயப்பட வேண்டாம். கஸ்டம் கேபிளுக்கு மூன்றாம் இடம். கேபிளுக்காக மட்டும் பவர் சப்ளையை மாற்றத் தேவையில்லை. இந்த வரிசை ஏன் என்பது புரிந்தால், நாளைக்கு வேறு கார்டு வாங்கினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

எல்லோரும் கேபிளின் மேல் அச்சிட்ட வாட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு பின் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை. கார்டுக்கு மின்சாரம் தரும் பழைய 8 பின் பிசிஐஇ கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரையறுத்த அளவு 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். எட்டில் மூன்று பின்கள்தான் 12 வோல்ட்டைக் கொண்டுபோகின்றன. ஆக ஒரு பின்னுக்கு 4.2 ஆம்பியர் வருகிறது. அந்தப் பின் ஏழெட்டு ஆம்பியராவது தாங்கும். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருப்பு. கொஞ்சம் தளர்வாகச் செருகினாலும், ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும் எதுவும் ஆகாமல் வருடக்கணக்கில் ஓடியதற்குக் காரணம் இந்த இருப்புதான்.

16 பின் கனெக்டரில் கதை வேறு. 12வி ஹைபவர் என்றும், அதன் திருத்திய வடிவம் 12வி-2×6 என்றும் பெயர். ஆறு பின் 12 வோல்ட், ஆறு பின் கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பும் வழி), மீதி நான்கும் சிக்னலுக்கான பொடிப் பின்கள். பின்களுக்கு நடுவிலான இடைவெளி 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. உச்ச அளவு 600 வாட், அதாவது 50 ஆம்பியர். ஆறால் வகுத்தால் பின்னுக்கு 8.3. பின்னின் தாங்குதிறனோ 9.2 முதல் 9.5 ஆம்பியர்தான். மிஞ்சும் இருப்பு பத்து முதல் பதினான்கு விழுக்காடு. உங்கள் 575 வாட் கார்டில் பின்னுக்கு 8 ஆம்பியர். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரலாம் என்பது விதி. ஆனால் இத்தகைய கார்டுகள் பெரும்பங்கை கேபிளிலிருந்தே எடுக்கும் என்பதால் அதைக் கணக்கில் கழிக்காதீர்கள்.

8 ஆம்பியர் என்பதும் ஆறு பின்னும் சமமாகப் பங்கிட்டால் மட்டுமே. பிரச்சினை எழுவது இங்கேதான். பவர் சப்ளைக்குள் எல்லா 12 வோல்ட் வயரும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. கார்டுக்குள்ளும் 4090, 5090 வகைகளில் ஆறு பின்னும் ஒரே தடத்தில் சேர்ந்துவிடுகின்றன. 2022-இல் வந்த 3090 டிஐ கார்டில் இரண்டிரண்டு பின்னாகப் பிரித்து மூன்று தொகுதிகளாக அளந்தார்கள்; ஒரு ஜோடி தொடர்பிழந்தால் கார்டுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஆகவே மின்னோட்டம் எந்த வயரில் தடை குறைவோ அந்த வயரில் கூடுதலாகப் பாயும். கார்டு அதைக் கவனிக்காது. ஆசுஸ் ஆஸ்ட்ரல் போன்ற சில கார்டுகள் மட்டும் ஒவ்வொரு பின்னையும் தனியே அளந்து எச்சரிக்கின்றன. ஆனால் அவையும் எச்சரிக்கத்தான் செய்யும், பங்கிட்டுக் கொடுக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீள 16 கேஜ் வயரின் (கேஜ் எண் கூடினால் வயர் மெலிசு) தடை ஏறத்தாழ 8 மில்லிஓம். இரு முனையிலும் சேர்த்துத் தொடுமிடத்தின் தடை 4 என்று வைத்தால் ஒரு வழிக்கு மொத்தம் 12. ஆறும் இப்படி இருந்தால் ஆளுக்கு 8 ஆம்பியர். இப்போது நான்கு பின்களின் பிடி தளர்ந்து அவற்றின் வழிக்கு 30 மில்லிஓம் ஆகிறது என்று கொள்வோம். அந்த நான்கும் ஆளுக்கு 5.3 ஆம்பியராகச் சுருங்கிவிடும். நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற இரண்டும் ஆளுக்கு 13.3 ஆம்பியர் சுமக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அந்த இரண்டு பின்களில் வெப்பம் 2.8 மடங்கு. உருகிய கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் ஓரிரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் கருகியிருப்பது இதனால்தான். கெட்டுப்போன பின்தான் உருகும் என்றில்லை. அதன் சுமையையும் சேர்த்துத் தூக்கும் நல்ல பின்னும் உருகும்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும். வயரின் தடை கொஞ்சம் இருப்பது நல்லது. தொடுமிட வித்தியாசங்களை அது ஓரளவு சமன் செய்கிறது. தடித்த, மிகக் குட்டையான கேபிள்தான் உயர்ந்தது என்று நினைத்துத் தேடிப் போகாதீர்கள். அதற்காக 18 கேஜ் வயருக்கும் இறங்க வேண்டாம். 16 பின் கேபிள் என்றால் 16 கேஜ்தான். வயரில் உண்டாகும் வெப்பம் மொத்தக் கேபிளுக்கும் 6 வாட் அளவில், முழு நீளத்துக்கும் பரவிவிடும். தொடுமிடத்தில் உண்டாகும் வெப்பம் சில மில்லிமீட்டருக்குள் அடைபட்டுக் கிடக்கும். அதனால் கேபிள் தேர்வில் முதல் கேள்வி வயர் தடிமனைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எத்தனை இடத்தில் செருகல் இருக்கிறது, அந்தச் செருகல்கள் எவ்வளவு உறுதி என்பதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் நான்கு வழிகளுக்கு வருவோம்.

பவர் சப்ளை நிறுவனத்தின் சொந்தக் கேபிள் ஒருபுறம் 16 பின், மறுபுறம் பெரும்பாலும் இரண்டு 8 பின் தலைகளோடு வரும். இதைப் பார்த்ததும் எழும் சந்தேகம்: 8 பின் ஒன்றுக்கு 150 வாட்தானே, இரண்டில் 600 எப்படி? 150 என்பது கார்டு பக்கத்து 8 பின்னுக்கான பிசிஐஇ விதி. பவர் சப்ளை பக்கத்து சாக்கெட் அந்த விதிக்குள் வராது. அது அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பு. பல நிறுவனங்கள் அங்கே நான்கு பின்களை 12 வோல்ட்டுக்கு ஒதுக்குகின்றன. அப்படியானால் 50 ஆம்பியரை எட்டாகப் பிரிக்க 6.25 வரும், பெரிய பின்னுக்கு அது சுமையில்லை. மூன்று பின் மட்டும் என்றால் 8.3 வரும், அப்போது பின் தரமும் வயர் தரமும் உயர்ந்திருக்க வேண்டும். நிறுவனம் அந்த மாடலுக்கு 600 வாட் என்று எழுத்தில் தந்திருந்தால் நம்பலாம். கேபிளின் மேல் 450 என்று இருந்தால் 5090-க்கு வேண்டாம்.

நான்கு தலை அடாப்டருக்குக் கெட்ட பெயர் அதிகம். பாதிதான் நியாயம். 8 பின் இணைப்பு ஒவ்வொன்றிலும் 144 வாட், பின்னுக்கு 4 ஆம்பியர் மட்டுமே. அந்த நான்கு இணைப்புகளும் சூடாகப் போவதில்லை. ஆபத்து, எந்தக் கேபிளிலும் இருப்பதுபோல, கார்டு பக்கத்து 16 பின்னில்தான். அடாப்டரின் உண்மையான குறை அதன் பருமன். நான்கு தடித்த கேபிள்களின் கனம் தொங்கி அந்தச் சிறிய கனெக்டரை ஒரு பக்கமாக இழுக்கிறது. கேபினெட்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தும்போது அது அழுந்துகிறது. இந்த இரண்டையும் சமாளிக்க முடிந்தால் அடாப்டர் நல்ல கேபிள்தான்.

அடாப்டரைப் பயன்படுத்தினால் ஒரு விதியை மீறக் கூடாது: நான்கு தலைக்கும் பவர் சப்ளையிலிருந்து நான்கு தனித்தனிக் கேபிள்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தலைகள் கிளைத்து வருமே, அதில் ஒன்றைச் செருகி மற்றொன்றைச் சும்மா தொங்கவிடுங்கள். இரண்டையும் செருகினால் அந்த ஒரு கேபிளில் 288 வாட், 24 ஆம்பியர், மூன்று வயர் என்றால் வயருக்கு 8. பழைய கேபிள்களில் இருப்பது பெரும்பாலும் 18 கேஜ். பவர் சப்ளை பக்கத்துச் சாக்கெட்தான் முதலில் சூடாகும்; அது கேபினெட்டின் அடியில் மறைந்திருப்பதால் வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது. பல தடங்களாகப் பிரித்த பவர் சப்ளையாக இருந்தால் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு இயங்கி, விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துபோகும். 225 வாட்டுக்கு மேற்பட்ட எந்தக் கார்டுக்கும் கிளைக் கேபிளின் இரு தலைகளையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். ஸ்லாட்டின் 75, ஒரு தலையின் 150, இரண்டும் சேர்ந்தது அந்த எல்லை. உங்கள் பவர் சப்ளையில் பிசிஐஇ சாக்கெட்டுகள் மூன்றுதான் இருந்தால் அடாப்டர் வழி உங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

கஸ்டம் கேபிளில் இருக்கும் ஆபத்து வேறு விதம். மாடுலர் பவர் சப்ளையின் 8 பின் சாக்கெட்டில் எந்தப் பின் எதற்கு என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் 12 வோல்ட் இன்னொரு நிறுவனத்தின் கிரவுண்ட் இருக்கும் இடத்தில் இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளும் மாறும். தலை ஒழுங்காகப் போய் உட்காரும், கிளிப்பும் விழும், சுவிட்ச் போட்டதும் கார்டு போய்விடும். பழைய பவர் சப்ளையின் கேபிள்களை அப்படியே விட்டு, பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் மாற்றியவர்கள் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி என எல்லாவற்றையும் இழந்ததும் இதே காரணத்தால்தான். கஸ்டம் கேபிள் வாங்குவதாக இருந்தால் விற்பவர் உங்கள் பவர் சப்ளையின் முழு மாடல் பெயரைப் பட்டியலிட்டிருக்க வேண்டும். ‘எல்லா 1000 வாட் பவர் சப்ளைகளுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கார்டில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, நிறுவனத்தின் அசல் கேபிளோடு பின்னுக்குப் பின் ஒப்பிடலாம்.

இரு புறமும் 12வி-2×6 உள்ள கேபிளுக்கு மட்டும் இந்தக் குழப்பம் குறைவு. அந்தச் சாக்கெட் எங்கும் ஒரே அமைப்புதான்.

நீட்டிப்புக் கேபிள், 90 டிகிரி திருப்பும் குட்டி அடாப்டர், இரண்டும் வேண்டாம். ஒவ்வொன்றும் பன்னிரண்டு தொடுமிடங்களைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது. கேபிள்மாட் நிறுவனம் தன் கோண அடாப்டர்களை 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது; அறிவிப்பின்படி சுமார் 25,300 அடாப்டர்கள். இடம் குறைவு என்றால் தலையே செங்குத்தாகத் திரும்பிய கேபிளாக வாங்குங்கள். ஆனால் கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்கள் கார்டைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். திசை மாறினால் கேபிள் ஹீட்சிங்கின் மேல் போய் முட்டும்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டிக்குப் போகும் சாட்டா தலையிலிருந்து 8 பின் ஆக்கித் தரும் அடாப்டர்களும் விற்கின்றன. சாட்டா பவர் தலையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஆளுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். அதைக் கொண்டு 150 வாட் எடுப்பது நடக்காத காரியம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பலர் அவசரத்தில் தவறுவது. மதர்போர்டில் பிராசசருக்குப் போகும் இபிஎஸ் கேபிளும் 8 பின்தான். அதில் நான்கு 12 வோல்ட், நான்கு கிரவுண்ட். பிசிஐஇ தலையோடு ஒப்பிட்டால் 12 வோல்ட், கிரவுண்ட் இரண்டும் இடம் மாறித் தலைகீழ். தலை நான்கு, நான்காகப் பிரிந்தால் பிராசசர் கேபிள். ஆறு, இரண்டாகப் பிரிந்தால் கார்டு கேபிள். பின்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக உள்ளே போகாது. போகாததை அழுத்திப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேபிளில் இருக்கும் நான்கு பொடிப் பின்களைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அவற்றில் சென்ஸ் பின்கள் இரண்டும் கேபிள் எத்தனை வாட்டுக்கானது என்று கார்டுக்குச் சொல்கின்றன: 150, 300, 450, 600. ஆனால் இது ஒரு அறிவிப்பு, அவ்வளவே. இரண்டையும் கிரவுண்டோடு இணைத்துவிட்டால் கார்டு 600 என்று நம்பிவிடும். பின்னால் இருக்கும் வயர் அதைத் தாங்குமா என்று யாரும் சோதிப்பதில்லை. மலிவுக் கேபிள்கள் செய்வது அதைத்தான்.

2023-இல் வந்த 12வி-2×6 திருத்தம் இந்தச் சென்ஸ் பின்களை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக்கியது. மின்சாரப் பின்களைக் கால் மில்லிமீட்டர் நீட்டியது. அரைகுறையாகச் செருகியிருந்தால் சென்ஸ் பின் தொடாது, கார்டு ஓடாது. நல்ல திருத்தம். ஆனால் அது சாக்கெட்டில் செய்த மாற்றம். கேபிளில் ஒன்றும் மாறவில்லை. உங்கள் 5090-இல் சாக்கெட் புதிய வகைதான், எச்++ என்ற குறி இருக்கும். பழைய 12வி ஹைபவர் கேபிள் அதில் முறைப்படி பொருந்தும். ‘புதிய 2×6 கேபிள்’ என்று கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். ஆறு பின்களும் சமமாகப் பங்கிடாத பிரச்சினைக்கு இந்தத் திருத்தத்தில் மருந்து இல்லை.

செருகும் முறை. பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து வயரை எடுத்துவிட்டு, கேபினெட்டின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். முடிந்தால் கார்டை ஸ்லாட்டில் மாட்டுவதற்கு முன்பே, மேசைமேல் வைத்து 16 பின் தலையைச் செருகுங்கள். கை நன்றாகப் போகும், கண்ணுக்கும் தெரியும். வயரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். தலையின் இரு பக்கங்களையும் பிடித்து நேராக அழுத்துங்கள். இடம் வலமாக ஆட்டி ஆட்டி ஏற்றுவது பின்களின் உள் ஸ்பிரிங்கை விரித்துவிடும். கிளிக் சத்தத்தை நம்ப வேண்டாம், சிலவற்றில் கேட்கவே கேட்காது. டார்ச் அடித்து நாலு பக்கமும் பாருங்கள். தலைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது, கிளிப் கொக்கியைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும். பிறகு தலையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பவர் சப்ளை பக்கத்திலும் இதே சோதனை.

தலையிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிள் வளையாமல் நேராக வர வேண்டும். அதன்பின் மெல்ல வளைக்கலாம். தலைக்குப் பக்கத்திலேயே மடித்தால் ஒரு பக்க வரிசை இழுபட்டு, மறு பக்கம் தளர்ந்து, மேலே சொன்ன 30 மில்லிஓம் கணக்கு உண்மையாகிவிடும். கார்டின் மேல் விளிம்பிலிருந்து கதவு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கேபிள் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். தலையின் நீளம், நேர்ப்பகுதி, வளைவு எல்லாம் சேர்ந்து 60, 70 ஆகிவிடும். கேபிளின் கனத்தை ஒரு டை போட்டுக் கேபினெட்டில் கட்டுங்கள். டை தலைக்கு மிக அருகில் வேண்டாம்.

இந்த கனெக்டர் 30 முறை செருகி எடுப்பதற்கு மட்டுமே வரையறுக்கப்பட்டது. ‘சரியாக இருக்கிறதா’ என்று மாதாமாதம் கழற்றிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. கழற்றாமலே சோதிக்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட் மென்பொருளில் 16 பின் வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும். சும்மா இருக்கும்போது எவ்வளவு, முழுச் சுமையில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். சுமையில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. 11.4-க்குக் கீழே போனாலோ, சில மாதம் கழித்து அதே சுமையில் முன்பைவிடத் தெளிவாகக் குறைந்து காட்டினாலோ எங்கோ தொடுமிடம் கெடுகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: வோல்டேஜ் நன்றாக இருந்தும் ஓரிரு பின்னில் மட்டும் மின்னோட்டம் கூடியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் உதவாது. முழுச் சுமையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறு 12 வோல்ட் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கிளாம்புக்குள் விட்டு அளக்கவும். எல்லாம் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருந்தால் நிம்மதி. ஒன்று 11, 12 காட்டி இன்னொன்று 3, 4 காட்டினால் அணைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

செலவில்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு: பவர் லிமிட்டை, அதாவது கார்டு எடுக்கும் வாட்டின் உச்சவரம்பை, 80 விழுக்காட்டுக்கு இறக்குவது. 575 வாட் 460 ஆகும். பின்னுக்கு 8 ஆம்பியர் 6.4 ஆகும், தொடுமிட வெப்பம் வர்க்கக் கணக்கில் 64 விழுக்காடாகக் குறையும். விளையாட்டுகளில் வேகம் சில விழுக்காடுதான் இழக்கும். கேபிளுக்கு மேல் கேபிளாக மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது மேல். அடாப்டர் போட்டிருப்பவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

பவர் சப்ளை மாற்றுவது பற்றி. 5090-க்கு என்விடியா பரிந்துரைப்பது 1000 வாட். உங்களிடம் அது இருக்கிறது. ஏடிஎக்ஸ் 3.0, 3.1 என்ற புதிய வரையறைகளின்படி வந்த பவர் சப்ளைகளின் உண்மையான நன்மை, நுண்ணிய நேரத்துக்குப் பாயும் திடீர்ச் சுமையைத் தாங்குவது. 100 மைக்ரோநொடிக்கு மொத்த வாட்டில் இரு மடங்கு வரை என்பது வரையறை. உங்களுடையது சுமை ஏறும்போது திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தால், கேபிள்களும் தனித்தனியாகச் சரியாக இருந்தால், அப்போது மாற்றுங்கள். மாற்றும்போது 12வி-2×6 சாக்கெட் உள்ளதாக வாங்குங்கள். பழைய கேபிள் ஒன்றையும் அதோடு சேர்க்காதீர்கள். திரை மட்டும் கருத்து, விசிறிகள் முழு வேகத்தில் சுற்றினால் சந்தேகிக்க வேண்டியது 16 பின் தலையைத்தான். அணைத்து, ஆறவிட்டு, கழற்றிப் பாருங்கள்.

கழற்றும்போது ஏதாவது பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, பிளாஸ்டிக் மின்னுவதோ தெரிந்தால் சுரண்டியோ உரசியோ சரிசெய்யப் பார்க்க வேண்டாம். ஒருமுறை அதிகம் சூடான ஸ்பிரிங் பிடிப்பை இழந்துவிட்டது, அது திரும்பாது. கேபிளை மாற்றுங்கள். கார்டின் சாக்கெட்டிலும் அதே கறை இருந்தால் புதுக் கேபிளை அதில் செருகாதீர்கள். கெட்ட சாக்கெட் புதுக் கேபிளையும் கெடுக்கும். படம் எடுத்துக்கொண்டு, கேபிளையும் சேர்த்தே வாரண்டிக்கு அனுப்புங்கள்.